ரத்தப்போக்கு என்றே எழுது

அவளுக்கு முறையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவள் வீம்பு.

வீம்பு என்ற பேரை வைத்தவர் அவளுடைய அப்பா. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் புகைப்படம் எடுக்கக் கூட்டிப்போன இடத்தில், படம் எடுப்பவர் "சிரி பாப்பா" என்று கெஞ்சினார். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "சிரிப்பு வரல. வராம எப்படிச் சிரிக்கறது?" என்று கேட்டது. வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. "சரியான வீம்பு இது" என்றார் அப்பா. அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது.

கல்யாணமும் வீம்பால் வந்ததுதான். கார் ஓட்டப் பழகப்போன இடத்தில் சொல்லிக்கொடுத்தவர்தான் பின்னால் கணவரானார். உரிமம் வாங்கும் சோதனையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு சந்துக்குள் திரும்பச் சொன்னார். சந்து முனையில் திரும்பக் கூடாது என்று பலகை இருந்தது. "நான் சொல்றேன்ல, திருப்புங்க" என்றார் அதிகாரி. "பலகையைக் கழட்டச் சொல்லுங்க, திருப்பறேன்" என்றாள் இவள். தோல்வி. அடுத்த தடவையும் அதே அதிகாரி, அதே சந்து, அதே பதில். வெளியே வாசலில் நின்றிருந்த, கார் சொல்லிக்கொடுத்தவருக்கு அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பு. சிரித்து முடித்தபோது இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மனசு வராது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வேலை, ஒரு நடுத்தர மருத்துவமனையின் பில் பிரிவில். கட்டடத்தின் பின்பக்கம், லிப்ட் மோட்டாருக்கு ஒட்டினாற்போல ஓர் அறை. யாராவது மேல் மாடிக்குப் போனால் மேஜையில் இருக்கும் டீ நடுங்கும். மேலே டாக்டர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண், இன்ன சிகிச்சைக்கு இன்ன எண் என்று குறியீடு போட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் பணம் தருவார்கள். எண் மாறினால் ஒன்று பணம் வராது, இல்லையென்றால் வரக்கூடாத பணம் வந்துவிடும். இரண்டுமே தலைவலி.

அவளுக்கு எதிர் மேஜையில் ஆமை. எதையும் நிதானமாகச் செய்கிறவர் என்பதால் அவரே தனக்கு வைத்துக்கொண்ட பேர். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிரிவின் தலைவர். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் "சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லுவார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் சமாளி சார்.

பெண்கள் மருத்துவப் பிரிவின் கோப்புகள் முழுக்க வீம்பின் பொறுப்பு. மகப்பேறு டாக்டரம்மாவுக்கும் இவளுக்கும் வாரம் ஒரு தடவையாவது போனில் தகராறு நடக்கும்.

"கேமரா விட்டுப் பார்த்தேன், சுரண்டி எடுத்தேன், அப்புறம் சூடு வச்சு ரத்தத்தை நிறுத்தினேன். மூணு வேலை. நீ ஒண்ணுக்குத்தான் எண் போட்டிருக்கே" என்பார் டாக்டரம்மா.

"ஒரே வாசல்ல ஒரு தடவை உள்ள போய் ஒரு தடவை வெளிய வந்திருக்கீங்க. மூணு வாடகை எப்படிக் கேக்கறது, டாக்டர்?"

"உன்னோட மல்லுக்கட்டறதுக்குப் பதிலா நான் இன்னொரு ஆபரேஷன் பண்ணிடுவேன்."

ஒரு தடவை டாக்டரம்மா சொன்னதுதான் சரி, இவள் போட்டது தப்பு. அன்று சாயங்காலம்வரை ஒத்துக்கொள்ளாமல், மறுநாள் காலையில் மாடி ஏறிப்போய், "நேத்து நான்தான் தப்பு" என்று கதவருகே நின்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் தகராறு நின்றுவிடவில்லை. ஆனால் அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

நாள் முழுக்க அடுத்தவர்களின் ரத்தப்போக்கைப் படித்துக்கொண்டிருந்தவள், தன்னுடையதைப் பற்றி நெடுநாள் யாரிடமும் பேசவில்லை. முதலில் ஒரு நாள் கூடுதலாகப் போயிற்று. அப்புறம் ஒரு வாரம். அப்புறம் மாதத்தில் பாதி. கறுப்பு உடை மட்டும் போட்டுக்கொண்டாள். கைப்பையில் மாற்றுத் துணி வைத்துக்கொண்டாள். பேருந்தில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் நின்றாள். மாடிப்படி பாதியில் மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்து நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் பாசாங்கு செய்தாள். பாசாங்கு என்பதே பிடிக்காத பெண்! ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கே தெரியாமல் வாய் கட்டிப்போயிருந்தது. அம்மா பேசியதில்லை, பள்ளிக்கூடத்தில் பேசியதில்லை, பேச வேண்டிய விஷயம் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

வாய் திறந்தது நாற்காலியால்.

ஒரு மதியம் சாப்பிட்டு வந்தபோது அவளுடைய நாற்காலியைக் காணவில்லை. வேறு ஒரு மர நாற்காலி இருந்தது. எட்டிப்பார்த்தால், அவளுடையது வெளியே தாழ்வாரத்தில், செய்தித்தாள் போர்த்தி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, தப்புச் செய்த மாணவனைப் போல. அவளுக்குப் புரிந்துவிட்டது. அறையில் எல்லாரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆமை வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சமாளி சார் கைபேசியில் எதையோ ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முகத்தில் சூடேறியது. ஒரு கணம், அப்படியே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. அப்புறம் அந்தச் செய்தித்தாளைப் பார்த்தாள். செத்தவரை மூடுவதுபோல நான்கு பக்கமும் செருகி மூடியிருந்தார்கள். அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

துப்புரவு அறையிலிருந்து வாளியில் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். தாழ்வாரத்திலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, நாற்காலியைத் தேய்த்துக் கழுவினாள். நனைந்த நாற்காலியை உருட்டிக்கொண்டு அறை நடுவில் வந்து நின்றாள்.

"ரத்தம்தான்" என்றாள். "கொலை ஒண்ணும் இல்ல. நாம எல்லாரும் தினமும் படிச்சு எண் போடற ரத்தம்தான். அடுத்த தடவை எங்கிட்ட சொல்லுங்க, நானே கழுவறேன். ஒளிச்சு வைக்காதீங்க."

ஆமை மட்டும் எழுந்துவந்து, மின்விசிறியை நாற்காலிப் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் மாடி ஏறினாள், இந்த முறை நோயாளியாக. டாக்டரம்மா சோதித்தார், ரத்தம் எடுத்தார், கருப்பையின் உள்தோலில் ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினார். புற்று இல்லை, கட்டி இல்லை. உடம்பில் இருக்கவேண்டிய ரத்தச் சத்தில் பாதிதான் இருந்தது. "இதை வச்சுக்கிட்டா எங்கூட சண்டை போட்டுக்கிட்டிருந்தே?" என்று கேட்டார். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. மருந்து வைத்த சின்னக் கருவி ஒன்றைக் கருப்பைக்குள் வைத்துப் பார்த்தார்கள், தங்கவில்லை. மிச்சம் இருந்தது இரண்டு வழி. கருப்பையை எடுத்துவிடுவது ஒன்று. கருப்பைக்குள் ஒரு பலூனை விட்டு, அதில் சூடான திரவத்தை நிரப்பி, உள்தோலை மட்டும் பொசுக்கி ரத்தத்தை நிறுத்துவது இன்னொன்று.

"பொசுக்கிட்டா அதுக்கப்புறம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தரிச்சா ஆபத்து. அதுக்குத் தனியா ஜாக்கிரதையா இருக்கணும். யோசிச்சுச் சொல்லு" என்றார் டாக்டரம்மா.

செய்தி கேட்டு அண்ணி வந்தார். கணவரின் அக்கா, பக்கத்துத் தெரு. கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது, செருப்புச் சத்தமே போதும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பொண்ணு காலேஜ் போயாச்சு. இனி அது எதுக்கு? எடுத்து வீசிட்டு நிம்மதியா இரு. நான் எடுக்கல?"

"அது எதுக்குன்னு கேட்டா, என்னோடதுங்கறதுக்கு, அண்ணி."

"வீம்பு பிடிக்கற இடமா இது?"

"இதுல பிடிக்காம வேற எதுல பிடிக்கறது?"

கணவர் இருவருக்கும் நடுவில் டீ டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். "அக்கா, வண்டி அவளோடது. எங்க திருப்பணும்னு அவ சொல்லட்டும்" என்றார். அண்ணி டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

சிகிச்சை ஒரே நாளில் முடிந்தது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடிவயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல ஒரு வலி. இரண்டு நாள் சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழுந்தபோது, வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுவிட்டதுபோல உடம்பு அமைதியாக இருந்தது.

வேலைக்குத் திரும்பினாள். அவளுடைய கோப்புக்கு அவளே எண் போடக் கூடாது என்பது விதி. அது ஆமையின் மேஜையில் இருந்தது. சமாளி சார் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"ஒரு சின்ன விஷயம். இந்தக் காப்பீட்டுக் கம்பெனி சூடு வைக்கற சிகிச்சையைக் கருத்தடைத் தலைப்புல போட்டுத் திருப்பி அனுப்பிடுது. கருத்தடைக்கு அவங்க கொடுக்கறதில்ல. அதனால..." குரலைத் தாழ்த்தினார். "கட்டி எடுத்ததுன்னு போட்டுடலாம். உடனே பாஸ் ஆகும். நம்ம ஆளுங்கறதால சொல்றேன். சமாளிச்சுக்கலாம்."

"இல்லாத கட்டியை எங்கேர்ந்து கொண்டு வர்றது, சார்?"

"காகிதத்துல மட்டும்மா."

"காகிதத்துல வந்த கட்டி போகவே போகாது, சார். நாளைக்கு எந்த டாக்டர்கிட்ட போனாலும் கட்டி எங்கேன்னு தேடுவாங்க. எனக்கு இருந்தது ரத்தப்போக்கு. அதுதான் காகிதத்துல இருக்காது. அப்படித்தானே?"

"உனக்கு உதவி பண்ண வந்தா..."

"உதவி வேணாம். உள்ளதைப் போடுங்க, போதும்." ஆமையின் பக்கம் திரும்பினாள். "ரத்தப்போக்குன்னே எழுதுங்க."

ஆமை தன் மேஜைக்குப் போய், ஒற்றை விரலால், என்றைக்கும்போல நிதானமாக, அதையே எழுதினார்.

மறுப்பு வந்தது. கருத்தடை சார்ந்த சிகிச்சை, ஏற்பதற்கில்லை. சிகிச்சைச் செலவு அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் என்று நிர்வாகம் சொல்லிற்று. கணவர் சொந்தமாக ஒரு பயிற்சிக் கார் வாங்க வைத்திருந்த ஆசையைச் சத்தமில்லாமல் தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததை அவர் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த கார் விளம்பரத் தாள்கள் காணாமல் போனதில் அவளுக்குத் தெரிந்தது.

காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவ அதிகாரியோடு போனில் பேசினாள். ஊழியராக அல்ல, நோயாளியாக. உணவு இடைவேளையில், தன் சொந்தக் கைபேசியில்.

"இதுக்கப்புறம் கர்ப்பம் ஆகக் கூடாதுன்னு உங்க டாக்டரே எழுதியிருக்காங்களே, மேடம். அப்போ கருத்தடைதானே?" என்றது அந்தக் குரல், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"கால் உடைஞ்சவருக்குக் கட்டுப் போட்டுட்டு ஓடாதேன்னு சொல்றாங்க. அப்போ கட்டுப் போட்டது ஓட்டத்தைத் தடுக்கறதுக்கா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "விதி அப்படித்தான், மேடம்."

"விதியை எழுதினவங்க யாருக்காவது மாசம் பாதி ரத்தம் போயிருக்கா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தாரா, தானாகத் துண்டித்துக்கொண்டதா என்பது தெரியாது. வீம்பு, துண்டித்தார் என்றே வைத்துக்கொண்டாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருந்தது. தனியாகப் போனால் ஒரு பிடிவாதக்காரி வந்தாள் என்று சொல்லித் துரத்திவிடுவார்கள். மற்ற பெண்களும் இருக்கிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அவர்களுடைய கோப்புகள் அவளுடைய கணினியில்தான் இருந்தன. ஒரு பொத்தானைத் தட்டினால் பேரும் முகவரியும் வந்துவிடும். அவள் தட்டவில்லை. அது அவர்களுடைய ரத்தம். அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

அதற்குப் பதிலாக, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பெண்கள் பிரிவின் கழிப்பறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். 'அதிக ரத்தப்போக்குக்குச் சிகிச்சை செய்துகொண்டு, காப்பீட்டில் மறுக்கப்பட்ட பெண்கள், பின்பக்க அறையில் உள்ள என்னை வந்து பார்க்கவும். நானும் உங்களில் ஒருத்தி.' கீழே தன் போன் எண்.

மதியத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். இன்னொன்று ஒட்டினாள். அதுவும் போயிற்று. மூன்றாவதை, கணவர் வண்டிக் கண்ணாடி ஒட்ட வைத்திருந்த பசையால் ஒட்டினாள். அதைக் கிழிக்க வேண்டுமானால் கதவோடு கிழிக்க வேண்டும். சமாளி சார் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது சமாளிக்க முடியாத கேஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை என்று ஆமை சத்தியம் செய்தார்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கதவருகே நின்று, "அந்த... அந்தக் கதவுல இருக்கற விஷயமா..." என்று இழுத்தார். அடுத்து வந்தவர் நீச்சல் பயிற்சியாளர். அகன்ற தோள், கட்டைக் குரல். இழுக்கவெல்லாம் இல்லை. "தண்ணிதான் என் வேலை. ரெண்டு வருஷம் கரையில நின்னு விசில் ஊதினேன். அதைக் கருத்தடைன்னு சொல்றானுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். மூன்றாவதாக ஒரு தையல்காரம்மா. மேல்முறையீட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார், ஆனால் நிறுவனம் நடத்தும் விசாரணைக்கு வரமாட்டேன் என்றார், வீட்டுக்காரருக்குத் தெரியாதாம். "கையெழுத்தே பெரிசு" என்றாள் வீம்பு. மூவரையும் மறுத்திருந்தது அதே காப்பீட்டு நிறுவனம்தான்.

அண்ணிக்குக் காற்றுவாக்கில் செய்தி போயிற்று. செருப்புச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

"கக்கூஸ் கதவுல ஒட்டி வச்சிருக்கியாமே! போன் நம்பரோட! என் தம்பி நாலு பேர் முகத்துல முழிக்க வேணாமா?"

"அவர்தான் பசை கொடுத்தார், அண்ணி."

அண்ணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"எனக்கும் இப்படித்தான் போச்சு. உன் வயசுகூட இல்ல அப்போ. அவரும் டாக்டரும் வெளிய நின்னு பேசினாங்க. உள்ள வந்து, நாளைக்கு ஆபரேஷன்னாங்க. வேற வழி இருக்கான்னு எனக்குக் கேக்கத் தெரியல. என்னை யாரும் கேக்கவும் இல்ல."

வீம்பு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "விசாரணை என்னிக்கு? துணைக்கு ஆள் வேணும்ல" என்றார்.

காப்பீட்டு நிறுவனத்தின் கூட்ட அறை குளிர்ந்து கிடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்களும், குறிப்பெடுக்க ஒரு பெண்ணும். இந்தப் பக்கம் வீம்பு, ஆசிரியை, பயிற்சியாளர். பின்வரிசையில் அண்ணி, கைப்பையை மடியில் கோட்டைபோல வைத்துக்கொண்டு. டாக்டரம்மா மருத்துவ விளக்கம் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

நடுவில் இருந்தவர் விளக்கத்தைப் புரட்டிவிட்டு, "உயிருக்கு ஆபத்துன்னு எதுவும் இல்ல. ஒரு வகையில பார்த்தா, இது பெண்களோட வசதிக்காகச் செய்துக்கற சிகிச்சை" என்றார்.

'வசதி' என்ற வார்த்தை மேஜைமேல் வந்து விழுந்தது. வீம்பு எழுந்திருக்கப் போனாள். அவளுக்கு முன்னால் ஆசிரியை எழுந்துவிட்டார், கதவருகே நின்று இழுத்த அதே ஆசிரியை.

"கரும்பலகையில எழுதறதுக்கு முதுகைக் காட்டணும், சார்" என்றார். "நான் முதுகைக் காட்டாம ஒரு வருஷம் பாடம் நடத்தினேன். பக்கவாட்டுல நின்னு எழுதுவேன். ஒரு நாள் வகுப்புலயே மயங்கி விழுந்தேன். தலையில தையல் போட்டாங்க. அந்தத் தையலுக்கு நீங்க மறுபேச்சு இல்லாம பணம் கொடுத்தீங்க. விழ வச்சது எதுவோ அதுக்குத்தான் கொடுக்க மாட்டேங்கறீங்க. இதுல என்ன வசதி, சார்?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் பேனா நின்றது. பயிற்சியாளர் தன் பங்குக்குப் பேசினார். அறை சிறியது, குரல் நீச்சல் குளத்து அளவு. கடைசியாக வீம்பு பேசினாள். தயாரித்து வந்ததையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"கட்டின்னு பொய் எழுதியிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பீங்க. ரத்தப்போக்குன்னு உண்மையை எழுதினதால இங்க உட்கார்ந்திருக்கோம். பொய்யை வசூல் பண்றது சுலபம், உண்மையை வசூல் பண்றது கஷ்டம்னா, தப்பு எங்க உடம்புல இல்ல. உங்க தலைப்புல இருக்கு. மாத்துங்க."

சில வாரங்களில் பதில் வந்தது. மறுப்பு தவறில்லை, ஆயினும் கருணை அடிப்படையில் முழுத்தொகையும் தரப்படும், பெற்றுக்கொள்பவர்கள் இனி இதுபற்றி எங்கும் முறையிட மாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும்.

நால்வரும் பின்பக்க அறையில் கூடினார்கள். ஆசிரியை தலைகுனிந்திருந்தார். "என்னால இதுக்கு மேல இழுக்க முடியாது. வீட்டுல கஷ்டம். நான் போட்டுடறேன். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

"நீங்க பேசின பேச்சுக்கு நான்தான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். போடுங்க, டீச்சர்" என்றாள் வீம்பு. மனசாரத்தான் சொன்னாள். தையல்காரம்மாவும் போட்டார்.

"நீங்க?" என்றார் பயிற்சியாளர்.

"எனக்குக் கருணை வேணாம். பிச்சையா கேட்டோம்? சந்தா கட்டியிருக்கோம்."

"அப்போ நானும் இல்ல."

சமாளி சார் கண்ணாடித் தடுப்பிலிருந்து எழுந்து வந்தார். "முழுசா தர்றாங்க. வாங்கிக்கம்மா. அந்தக் கம்பெனி நம்ம வாடிக்கை. மேலிடத்துல உன் பேர் அடிபடுது. அப்புறம் நான் எதுவும் செய்ய முடியாது."

"நீங்க இதுவரைக்கும் எதுவும் செய்யலையே, சார். அப்படியே இருங்க."

அந்த மாதமே அவளைப் பின்பக்க அறையிலிருந்து தூக்கி, முன்வாசலில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேஜையில் போட்டார்கள். இத்தனை வருட வேலைக்குப் பிறகு, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. அவமானப்பட்டு ராஜினாமா செய்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் மேஜையைத் துடைத்து, நிழல் விழும் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நோயாளிகள் வந்து குனிந்து, "பொம்பளைங்க விஷயம்" என்று கிசுகிசுக்கும்போது, "எந்த விஷயம்? சொல்லுங்க, சொன்னபடியே எழுதறேன்" என்பாள். சொல்லும்வரை பேனாவைத் தொடமாட்டாள். அதனால் வரிசை நீளும். நீண்ட வரிசையைப் பற்றி நிர்வாகம் கேட்டபோது, தன்னைத் திரும்பப் பின்பக்க அறைக்கு மாற்றினால் வரிசை குறையும் என்று யோசனை சொன்னாள்.

முறையீடு, நிறுவனத்துக்கு மேலே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போயிற்று. அது மெதுவான ஊர்வலம். தேதி தள்ளிப்போனது, அதிகாரி மாறினார், புதியவர் முதலிலிருந்து படித்தார். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. கணவர் ஒவ்வொரு தேதிக்கும் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டு, வாசலில் நின்றார், உரிமச் சோதனை நடந்த காலத்தில் நின்றதைப் போலவே.

தீர்ப்பு ஒரு பக்கம்தான். அதிக ரத்தப்போக்கு ஒரு நோய். அதை நிறுத்தச் செய்யும் சிகிச்சை கருத்தடையாகாது. நிறுவனம் இனி அந்தத் தலைப்பில் அதைச் சேர்க்கக் கூடாது. இந்த இருவருக்கும் உரிய தொகையை உரிமையாகவே தர வேண்டும். கருணை என்ற வார்த்தை எங்கும் இல்லை. ஆமை அதைப் படித்துவிட்டு, "இனி வர்றவங்களுக்கு நான் பயமில்லாம எழுதலாம்" என்றார். அவருக்குப் பயம் இருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. முன்வாசல் மேஜையிலிருந்து அவளை யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அண்ணி மட்டும் தீர்ப்பை நகல் எடுத்துக்கொண்டு போனார். யாரிடம் காட்டினார் என்று கேட்டால் சொல்ல மறுத்தார்.

இப்போது வீம்பு நீந்தக் கற்றுக்கொள்கிறாள். பயிற்சியாளரின் பிடுங்கல். "இத்தனை நாள் சேர்ந்து நின்னோம், ஒரு நாளாவது சேர்ந்து மிதக்க வேணாமா?" என்று கேட்டுக் கேட்டு இழுத்துவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலை, குளத்தில் வெயில் சிதறிக் கிடந்தது. வீம்பு மார்பளவு தண்ணீரில், ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். நீலத்தில் நீச்சலுடை, வாங்கும்போது கடைக்காரர் கறுப்பை எடுத்துக் காட்டினார், அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"கையை விடுங்க" என்றார் பயிற்சியாளர்.

"விட மாட்டேன்."

"விட்டாத்தான் மிதக்க முடியும்."

"நீங்க சொல்லி விட மாட்டேன். எனக்காத் தோணும்போது விடுவேன்."

"அது எப்போ தோணும்?"

"பேசாம இருந்தா தோணும்."

பயிற்சியாளர் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். கரையில் கணவர் இரண்டு துவாலைகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் சில சிறுமிகள் தொப்புத் தொப்பென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அலை வந்து வந்து அவள் தோளில் மோதியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத ஒரு நொடியில், அவள் கம்பியை விட்டாள். முழுகினாள். தண்ணீரைக் குடித்தாள். இருமிக்கொண்டே மேலே வந்து, கம்பியைத் தேடாமல், கை காலை உதைத்துக்கொண்டு, "யாரும் பிடிக்காதீங்க!" என்று கத்தினாள்.